மச்சாள் சொன்ன ‘நோ’

எங்கள் மச்சாள் பிறந்த ஊரின் பெயரை எங்கள் குடும்பத்தில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியாது. செத்தவருக்குக் கல்வெட்டு என்று நினைவு மலர் எழுதுகிறவர்கள் முதலில் பிறந்த ஊரின் வளத்தைப் பாடுவார்கள். வயல் வரும், குளம் வரும், கோயில் வரும், அதற்குப் பிறகுதான் ஆளுக்கு வருவார்கள். மச்சாளின் ஊரில் பாடுவதற்கு வயலும் இல்லை, குளமும் இல்லை. போலந்து நாட்டின் தெற்கே நிலக்கரி தோண்டுகிற ஊர் அது. காலையில் காயப்போட்ட வெள்ளைத் துணியை மத்தியானம் எடுத்தால் சாம்பல் நிறமாகியிருக்குமாம். மச்சாள் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. “எங்கட ஊரில வெள்ளை எண்டு ஒரு நிறமே இல்லை” என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் என் மூத்த அண்ணாவின் மனைவி. எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி எனக்கு மச்சாள். அவர் காலமான முப்பத்தோராம் நாளில் இந்த மலர் உங்கள் கைகளுக்கு வருகிறது. நேற்றுத்தான் போலந்துக்காரரின் தேவாலயத்தில் அவர்கள் முறைப்படி முப்பதாம் நாள் பூசை நடந்தது. இன்று எங்கள் வீட்டில் எங்கள் முறை. இரண்டு சனமும் ஏறக்குறைய ஒரே கணக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணா சொன்னார். துக்கத்துக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்பதில் ஆட்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லைப் போலும்.

“வெள்ளைக்காரிக்கு என்னத்துக்குத் தமிழில கல்வெட்டு?” என்று ஒருவர் என்னிடம் நேரே கேட்டார். கேட்டவரின் தாயாருக்கு வந்த கல்வெட்டை மச்சாள் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவர். அந்த வீட்டுப் பிள்ளைகளே அதைப் பிரித்துப் பார்த்திருப்பார்களோ தெரியாது. எனக்கு அதற்குமேல் பதில் சொல்ல விருப்பம் இல்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மச்சாளின் கடைசி நாட்களைப் பற்றி ஒரு கதை உலாவுகிறது. சிட்னியில் பென்டில் ஹில் கடைகளில் கத்தரிக்காய் பொறுக்குகிறவர்களின் வாயில் ஏறி, மெல்பேர்ண் வரை போய், கேரம் டவுன்ஸ் கோயில் வாசலில் வைத்து அண்ணாவின் மகள் அனித்தாவின் காதிலேயே அது விழுந்திருக்கிறது. “கடைசியில மனுசனையே வேண்டாமெண்டு வீட்டை அனுப்பிப்போட்டாவாம். போய்ப் பாத்த எங்களையும் தெரியாதெண்டவ. என்ன இருந்தாலும் வெள்ளைக்காரிதானே.” இதுதான் அந்தக் கதை. இதைச் சொன்னவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன். தயவுசெய்து படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டாம்.

மச்சாளின் தந்தையார் சுரங்கத்தில் வேலை செய்து, நெஞ்சில் கரி இறங்கி, இளவயதிலேயே இறந்துபோனார். தாயார் நூல் ஆலையில் வேலை செய்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தார். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு மச்சாளும் அதே ஆலைக்குப் போனார். அந்தக் காலத்தில் அங்கே சம்பளம் இருந்தது, கடையில் சாமான் இல்லை. இறைச்சிக்கு வரிசை, சப்பாத்துக்கு வரிசை, சவர்க்காரத்துக்கும் வரிசை. எதற்கு என்று தெரியாமலே வரிசையைக் கண்டால் போய் நிற்பார்களாம், ஏதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

ஒருநாள் மச்சாளும் ஆலையில் கூட வேலை செய்த ஹலீனாவும் வியன்னாவுக்குச் சுற்றுலாப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். பஸ் திரும்பிப் போனபோது அவர்கள் இருவரும் அதில் இல்லை. தாயாரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறார். தாயார் ஒரு பாண் ரொட்டித் துண்டை உப்புத் தொட்டுக் கொடுத்து, “போ, திரும்பிப் பார்க்காதே” என்றாராம். ஆஸ்திரியாவில் ஒரு முகாமில், போர்வைகளைத் தொங்கவிட்டுப் பிரித்த மண்டபத்தில், ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்தார்கள். கனடாவா அவுஸ்திரேலியாவா என்று கேட்டபோது கனடாவுக்குப் பெரிய வரிசை என்று யாரோ சொன்னார்களாம். “இன்னொரு வரிசையில நிக்க எனக்கு ஏலாது” என்று மச்சாள் அவுஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டார். அவர் நாடு தெரிந்தெடுத்த கதை அவ்வளவுதான்.

சிட்னியில் வந்திறங்கிய போலந்துக்காரரின் பாடு எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பொறியியல் படித்தவர் லொறி ஓட்டினார். ஆசிரியையாக இருந்தவர் அலுவலகங்களில் நிலம் துடைத்தார். ஊரில் உள்ளவர்களுக்கு மட்டும் இங்கே எல்லாம் நல்லாயிருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பினார்கள். மச்சாளுக்கும் ஹலீனாவுக்கும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை கிடைத்தது. அங்கேதான் அண்ணாவும் இருந்தார். படிக்க வந்தவர், ஊரில் சண்டை மூண்டதால் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றவர். மச்சாளின் பெயரும் மேற்பார்வையாளரின் வாயில் நுழையவில்லை, அண்ணாவின் பெயரும் நுழையவில்லை. இரண்டு பெயரையும் அவர் நறுக்கிக் குட்டையாக்கிக் கூப்பிட்டார். நறுக்குப்பட்ட பெயரோடு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள்.

அண்ணாவின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த தேசிக்காய் ஊறுகாயை மச்சாள் ஒருநாள் வாங்கி வாயில் வைத்து, கண்ணீர் ஒழுக ஒழுக இன்னும் கொஞ்சம் கேட்டார் என்பது அண்ணா சொல்லுகிற கதை. அண்ணா தானாகவே அடுத்த நாள் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார் என்பது மச்சாள் சொல்லுகிற கதை. எது உண்மையோ, அந்த ஊறுகாயில் தொடங்கியதுதான் அனித்தா வரைக்கும் வந்து நிற்கிறது.

கலியாணச் செய்தி ஊருக்கு வந்தபோது அம்மா அடுப்பு மூட்டாமல் படுத்துவிட்டா. அப்பா காலமாகி அதிக நாள் ஆகவில்லை. “என்ர பிள்ளையை அந்த வெள்ளைக்காரி விழுங்கிப்போட்டாள்” என்று வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் சொல்லி அழுதா. நானும் சேர்ந்து அழுதேன். விழுங்கினவர்தான் சில வருடங்களில் அம்மாவையும் என்னையும் இந்த நாட்டுக்கு எடுப்பித்தார். அண்ணா அப்போது பகலில் படித்துக்கொண்டிருந்தார். எங்களுக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் மச்சாள். காலையில் பிஸ்கட், பின்னேரம் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிற வேலை என்று இரண்டு வேலை செய்து எங்கள் விமானச் செலவையும் கொடுத்தார்.

விமான நிலையத்துக்கு மச்சாள் சேலை உடுத்து வந்திருந்தார். தாவணியைத் தலைகீழாகக் கட்டினாலும் கட்டலாம், சேலைத் தலைப்பை வலது தோளில் போட்டுக்கொண்டு ஒரு மருமகள் மாமியாருக்கு முன்னால் வந்து நிற்பதை அம்மா வாழ்நாளில் கண்டதில்லை. வழி முழுவதும் என்னென்ன ஏசவேண்டும் என்று அம்மா நினைத்து வைத்திருந்தாவோ தெரியாது. மச்சாளைக் கண்டதும் அம்மாவின் வாயில் முதலில் வந்தது இதுதான்: “ஐயோ பிள்ளை, சீலையை மாறியெல்லோ உடுத்திருக்கிறாய்! வா இஞ்சாலை.” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்களின் கழிப்பறைக்குள் போனா. திரும்பி வரும்போது சேலை சரியாக இருந்தது. அம்மாவின் முகமும் சரியாகிவிட்டது. ஏச்சு அத்தோடு முடிந்தது.

மச்சாள் தமிழ் படித்தது அம்மாவிடம், குசினி அடுப்படியில். அதில் ஒரு வில்லங்கம் வந்தது. அம்மா மருமகளை ‘நீ’ என்றுதான் கதைப்பா. மச்சாளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அம்மாவின் வாயிலிருந்து வந்ததால் அவரும் உலகத்தில் எல்லாரையும் ‘நீ’ என்றே கதைத்தார். கோயிலில் ஐயரைப் பார்த்து, “ஐயர், நீ சாப்பிட்டியோ?” என்று கேட்டுவிட்டார். சுற்றி நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நல்ல காலம், ஐயர் தங்கமான மனுசன். “இந்த நாட்டிலை என்னை ஆர் இப்பிடிக் கேக்கினம்? என்ர அம்மா கேட்டமாதிரி இருக்கு” என்றார். மரியாதை தெரியாதவர் என்று மச்சாளை அன்றைக்குச் சொன்னவர்கள் இன்றைக்கும் சிலர் இருக்கிறார்கள். ‘நீங்கள்’ என்று வாய் இனிக்கக் கூப்பிட்டுவிட்டுத் தேவைக்கு ஒளித்துக்கொண்டவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அவர்கள் வழக்கப்படி மேசையில் ஒரு தட்டு அதிகமாக வைப்பார்கள். எதிர்பாராமல் யாராவது வந்தால் பசியோடு போகக்கூடாது என்பதற்காம். முதல் வருடம் வெறுந்தட்டைக் கண்ட அம்மா, இது செத்தவர்களுக்குப் படைக்கிற தட்டு என்று நினைத்து, அப்பாவுக்கு விருப்பமான மீன் பொரியலையும் வடையையும் அதில் வைத்துக் கும்பிட்டா. அண்ணா திருத்தப் போனார். மச்சாள் அவருடைய காலை மேசைக்குக் கீழே மிதித்துப் பேசாமல் இருக்க வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தத் தட்டில் அப்பாவுக்கு வடை இருந்தது. மச்சாளின் தந்தையாருக்கும் சேர்த்து அம்மாவே இரண்டாக வைக்கத் தொடங்கினா.

தாயார் இறந்தபோது மச்சாளால் ஊருக்குப் போக முடியவில்லை. அனித்தா வயிற்றில் நிறைமாதம். விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் அப்பாவின் செத்தவீட்டுக்கு அண்ணாவால் போக முடியவில்லை, சண்டை நேரம். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் அந்தக் காயம் இருந்தது. தாயார் இறந்த அன்று மச்சாள் பகல் முழுவதும் அழாமல் வீடு துடைத்தார். அம்மா பின்னால் போய்த் துடைப்பத்தைப் பறித்துக் கீழே போட்டு, “அழு பிள்ளை, அழாட்டி வயித்துப் பிள்ளைக்குக் கூடாது” என்று தன் மடியில் சாய்த்துக்கொண்டா. மச்சாள் அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அம்மா படுக்கையில் விழுந்தபோது பெற்ற மகள் நான் பக்கத்துத் தெருவில் இருந்தேன். ஆனாலும் அம்மா கழுவித் துடைக்க மச்சாளைத்தான் கேட்டா. “உனக்குக் கை கரடு. அவளுக்குப் பூப்போலக் கை” என்று என் முகத்துக்கு நேரே சொன்னா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்று அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது.

அனித்தாவை ஒவ்வொரு சனிக்கிழமையும் தமிழ்ப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனவர் மச்சாள். தமிழ்த் தகப்பன் அந்த நேரம் கிரிக்கெட் பார்ப்பார். போலிஷ் மொழியை மச்சாள் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஹலீனாவோடும் மற்றவர்களோடும் கதைப்பார். மற்ற நாட்களில் எங்களோடு தமிழும் ஆங்கிலமும். வீட்டில் அந்த மொழி வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்லித் தாருங்கள் என்று கேட்டதும் இல்லை.

போன குளிர்காலத்தில் மச்சாள் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டு நின்றபோது பக்கவாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. நாங்கள் கேட்பது ஓரளவு அவருக்கு விளங்கும் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் வாயிலிருந்து வந்தவை எல்லாம் குழைந்த சத்தங்கள். தெளிவாக வந்தவை இரண்டே சொற்கள். ஒன்று ‘நோ’. மற்றது ‘நியே’ என்பது போல ஒன்று. ‘நோ’ ஆங்கிலம் என்று எல்லாரும் நினைத்தோம். ‘நியே’ தமிழ் என்று நினைத்தோம். எல்லாரையும் ‘நீ’ என்று கூப்பிட்டவர் அல்லவா, ‘நீயே’ என்கிறார் என்று எடுத்துக்கொண்டோம்.

அண்ணா கஞ்சியைக் கரண்டியில் எடுத்து வாயருகே கொண்டுபோவார். மச்சாள் முகத்தைத் திருப்பி “நியே” என்பார். “பாரன், இந்த நிலைமையிலும் என்னையே சாப்பிடச் சொல்லுறா” என்று அண்ணா கண் கலங்கி அந்தக் கஞ்சியைத் தானே குடிப்பார். ஆஸ்பத்திரிக் கஞ்சி உப்பும் இல்லை, புளியும் இல்லை. மனைவி சொல்லுகிறா என்பதற்காகக் கிண்ணம் கிண்ணமாகக் குடித்தார்.

‘நோ’ விசயத்தில் எனக்கு ஒரு சண்டை நடந்தது. ஒருநாள் மத்தியானம் மச்சாளின் நெற்றி வியர்த்து, இடது கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. வலி இருக்கிறதா என்று தாதி ஆங்கிலத்தில் கேட்டாள். “நோ” என்றார் மச்சாள். அந்தத் தாதி தமிழ்நாட்டுப் பிள்ளை.

“வலி இல்லைங்கிறாங்க ஆன்ட்டி” என்று என்னிடம் சொன்னாள்.

“இல்லைப் பிள்ளை, அவ நோகுது எண்டு சொல்லுறா. எங்கட ஊரில நோ எண்டால் வலிதானே. வயித்து நோ, கால் நோ எண்டு நீ கேள்விப்படேல்லையோ?”

“ஆமா, ஆனா நான் இங்கிலீஷ்ல கேட்டேன். அவங்க இங்கிலீஷ்லதானே பதில் சொல்லுவாங்க?”

“அவ என்ர அம்மாட்டைத் தமிழ் படிச்சவ. அவவின்ர முகத்தைப் பார்.”

அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. முகத்தைப் பார்த்தாள். உடனே வைத்தியரைக் கூப்பிட்டு வலிக்கு மருந்து போடுவித்தாள். சிறிது நேரத்தில் மச்சாளின் பிடி தளர்ந்தது. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சொல்லை நான் விளங்கிக்கொண்டதும் தவறான மொழியில் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இந்த நேரத்தில்தான் நம் உறவினர்கள் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவராகக் கட்டிலருகே குனிந்து, “என்னைத் தெரியுதோ?” என்று கேட்டார்கள். மச்சாள் அவர்களை உற்றுப் பார்த்து, “நோ” என்றார். சிலர் அழுதார்கள். சிலர் முகத்தைச் சுழித்துக்கொண்டார்கள். அன்று பின்னேரம் எல்லாரும் நிற்கும்போதே அண்ணா மச்சாளின் காதருகே, “இரவைக்கு நான் இஞ்சையே உன்னோட இருக்கட்டோ?” என்று கேட்டார். மச்சாள் தெளிவாக, அறை முழுவதற்கும் கேட்கும்படி, “நோ” என்றார். அண்ணா மீண்டும் கேட்டார். “நோ, நோ” என்று பதில் வந்தது. அடுத்த நாளே கதை கடைக்குப் போய்விட்டது.

அதிலிருந்து அண்ணா வெளிச்சம் மங்கமுன் வீட்டுக்கு வந்துவிடுவார். குசினிக் கதிரையில் சட்டையும் மாற்றாமல் இருப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னண்ணா, அவவைத் தனிய விட்டிட்டு வெள்ளண வந்து குந்திக்கொண்டிருக்கிறியள்?”

“நான் இருக்கிறது அவவுக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு நாளும் கேக்கிறன். ஒவ்வொரு நாளும் நோ எண்டுதான் சொல்லுறா.”

“நோய் வருத்தத்தில சொல்லுறா. அதைப் போய்ப் பெரிசா எடுக்கிறியள்.”

“வருத்தத்திலதான் உண்மை வரும் எண்டு சொல்லுவினம்.” என்றார் அண்ணா. “அந்தக் காலத்தில இரண்டு வேலை செய்து என்னைப் படிப்பிச்சவ. நான் ஒருநாளும் அவவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகேல்லை. தாயின்ர குழியைக்கூட அவ பாக்கேல்லை. அந்தக் கோபம் உள்ளுக்க இருந்திருக்கும் போல.”

நாற்பது வருடத் தாம்பத்தியத்தை அந்த மனிதர் குசினிக்குள் இருந்து பிழை பிழையாகத் திருத்திக்கொண்டிருந்தார். அண்ணா அழுது நான் சிறுவயதில்கூடக் கண்டதில்லை. அன்று கண்டேன்.

ஹலீனா இவ்வளவு நாளும் வராததற்குக் காரணம், அவருக்கும் இடுப்பு எலும்பு மாற்றி வீட்டோடு கிடந்ததுதான். நடக்கலாம் என்று வைத்தியர் சொன்னதும் நடக்க உதவும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினார். அன்று பகல் அறையில் அண்ணாவும் நானும் இருந்தோம். அண்ணாவின் கையில் கஞ்சிக் கிண்ணம். ஹலீனா கட்டிலில் இருந்து மச்சாளின் கையைப் பிடித்துப் போலிஷில் ஏதோ சொன்னார். மச்சாள் “நோ” என்றார். ஹலீனா இன்னும் ஏதோ சொன்னார். “நோ, நோ” என்றார் மச்சாள். ஹலீனா நிறுத்தவில்லை. சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிக்கொண்டே போனார். மச்சாளும் ‘நோ’வை விடவில்லை.

நான் பொறுக்கமாட்டாமல் ஆங்கிலத்தில், அவர் வேண்டாம் வேண்டாம் என்கிறாரே, பாவம், கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்றேன். ஹலீனா என்னை விசித்திரமாகப் பார்த்தார். யார் வேண்டாம் என்றது? முகாமில் போர்வைக்குள் ஒளித்து உருளைக்கிழங்கு அவித்தோமே, நினைவிருக்கிறதா என்று கேட்கிறேன், ஓம் ஓம் என்கிறாள் என்றார். எங்கள் மொழியில் ‘நோ’ என்றால் ஓம், ஆமாம் என்று பொருள், இது தெரியாதா என்று கேட்டார். அப்படியென்றால் ‘இல்லை’க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “நியே” என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது பழைய வீட்டுத் தொலைபேசி. ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாள் தன் தாயாரோடு கதைக்கும்போது “நோ, நோ, நோ” என்று அடுக்கிக்கொண்டே போவார். “பெத்த தாயோட இப்பிடியும் ஒருத்தி மல்லுக்கட்டுவாளே” என்று எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்ளுவா. அவர் மல்லுக்கட்டவே இல்லை. ஓமம்மா, ஓமம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் மொழியில் ஐயரையே ‘சாப்பிட்டியோ’ என்று கேட்ட பெண்ணின் ஓம் எது, இல்லை எது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணா கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். “அப்ப கஞ்சி வேண்டாமெண்டே சொன்னவ? நான் எல்லாத்தையும் குடிச்சு முடிச்சனானே” என்றார். ஹலீனாவுக்கு அது விளங்கவில்லை, நான் சிரித்துவிட்டேன். அண்ணா சிரிக்கவில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் வந்தார்.

“இஞ்சேர், நான் உன்னோட இருக்கட்டோ?”

மச்சாள் அவரைப் பார்த்தார். “நோ” என்றார்.

அண்ணா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மச்சாளின் நல்ல கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு குளிக்கவும் உடுப்பு மாற்றவும்தான் அவர் வீட்டுக்கு வந்தார். தாதிப் பிள்ளை கட்டிலுக்கு மேலே இருந்த வெள்ளைப் பலகையில், இவர் ‘நோ’ என்றால் ஆம் என்று பொருள் எனப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தாள். ஹலீனா எங்களுக்குத் தண்ணீருக்கு என்ன சொல்வது, நோகிறதா என்று எப்படிக் கேட்பது என்றெல்லாம் சொல்லித் தந்தார். நோகிறதா என்பதற்கு ‘போலி’ என்று கேட்கவேண்டுமாம். அண்ணா அதைக் கேட்பதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப் போல இருக்கும். பிழையாகச் சொன்னால் மச்சாளின் இடது பக்க உதடு சிரிக்கும்.

இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபோது இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அனித்தா மெல்பேர்ணிலிருந்து ஓடி வந்தாள். சிறுவயதிலிருந்தே தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்று தாயின் தலையைத் தடவிக்கொண்டு, “அம்மா, பயமா இருக்கோ?” என்று தமிழில் கேட்டாள்.

“நியே” என்றார் மச்சாள்.

அனித்தா எங்களைத் திரும்பிப் பார்த்து, “இல்லையாம்” என்றாள். மறுநாள் காலையில், அண்ணாவின் கைக்குள் தன் கையிருக்க, மச்சாள் அமைதியாகப் போய்விட்டார்.

தேவாலயத்தில் பூசை முடிந்து பெட்டி மூடுவதற்கு முன் எங்கள் பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். பாதிரியார் ஒரு பக்கமாக விலகி நின்று எல்லாரும் முடிக்கும் வரைக்கும் காத்திருந்தார். அவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குழியருகே போலந்துப் பெண்கள் கண்ணாடிக் குவளைகளில் மெழுகுதிரி ஏற்றி வைத்தார்கள். காற்றில் அணைந்த திரிகளைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு நின்ற ஹலீனாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்து மருந்து கொடுத்த தாதிப் பிள்ளைக்கும், வைத்தியர்களுக்கும், அவசரத்தில் வேலையிலிருந்து அனித்தாவை விடுவித்த அவளுடைய அலுவலகத்தாருக்கும், செத்தவீட்டு நாட்களில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு வந்த அயலவர்களுக்கும், இறுதிக்கிரியைகளில் தோள் கொடுத்த எல்லாருக்கும் அண்ணாவின் சார்பில் என் மனமார்ந்த நன்றி.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்லவேண்டும். வேலை முடிந்த களைப்போடு ரயில் ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் வழி விசாரித்து, கட்டிலருகே குனிந்து “என்னைத் தெரியுதோ?” என்று கேட்டவர்கள் நீங்கள். அவர் சொன்ன ஒற்றைச் சொல்லைக் கேட்டு மனம் நொந்து வீடு போனீர்கள். அதைக் கடையில் சொன்னீர்கள், கோயிலில் சொன்னீர்கள். உங்களோடு எனக்கு இப்போது கோபம் இல்லை. வந்து பார்த்தீர்களே, அது போதும். நீங்கள் கேட்ட கேள்விக்கு மச்சாள் பதில் சொன்னார். ஓம், தெரியும் என்றுதான் சொன்னார். உங்கள் ஒவ்வொருவரையும் அவருக்குத் தெரிந்திருந்தது.